பைப்புக்குப் பெயர் எழுதுவது: ஃபேக்டரிகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். தொழிற்சாலை எதுவானாலும், பைப் லைனுக்கு லேபிள் ஒட்டுவது பற்றிப் பேச்செடுத்தால் ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. சிலர் சண்டைக்கே வருவார்கள், சிலர் உண்மையிலேயே தெரியாமல் கேட்பார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

எங்க ஆளுங்க இருபது வருஷமா இங்கேயே இருக்காங்க, எல்லா லைனும் மனப்பாடம். அப்புறம் எதுக்கு லேபிள்?

அவர்களுக்காக இல்லை. நைட் ஷிஃப்ட்டில் அவசரமாகக் கூப்பிட்டதால் அன்றைக்குத்தான் முதல் முறையாக உங்கள் கேட்டுக்குள் வரும் கான்ட்ராக்ட் ஃபிட்டருக்காக, புகைக்குள் நுழையும் தீயணைப்பு வீரருக்காக. உங்கள் ஆள் ஓய்வுபெற்றால் அவருடைய மனப்பாடமும் அவரோடு வீட்டுக்குப் போய்விடும்.

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பச்சை பைப். ஒன்று கூலிங் வாட்டர், இன்னொன்று பாய்லருக்குத் திரும்பிப் போகும் கண்டென்சேட், அதாவது நீராவி குளிர்ந்து ஆன வெந்நீர். வெளியிலிருந்து வந்த பையன் கூலிங் வாட்டர் என்று நினைத்து ஃபிளாஞ்ச் (இரண்டு பைப்பைச் சேர்க்கும் வளையத் தட்டு) போல்ட்டைத் தளர்த்தினான், முழங்கை வரை வெந்துவிட்டது. எதைப் பிரிக்க வேண்டும் என்று எல்லாரும் அவனுக்கு வாயால் சொல்லித்தான் அனுப்பினார்கள், “இடது பக்கம் இருக்கிறது” என்று. அவன் எதிர்ப்பக்கமாகப் போய் நின்றால் இடது எது, வலது எது?

கலர் அடிச்சாச்சே, அது போதாதா?

மேலே சொன்ன இரண்டும் பச்சைதான், அதிலேயே பதில் இருக்கிறது. கலர் சொல்வது குடும்பப் பெயரை மட்டும். உள்ளே ஓடுவது தண்ணீர் வகை என்று தெரியும், அது 30 டிகிரியா 95 டிகிரியா என்று தெரியாது. ஆளின் பெயரை எழுத்துதான் சொல்லும்.

இன்னொரு விஷயம், ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. அது தங்களுக்கு இருப்பதே பலருக்குத் தெரியாமல் இருக்கும். சோடியம் விளக்கு மட்டும் எரியும் பைப் ரேக்குக்குக் கீழே ராத்திரியில் நின்று பாருங்கள், நல்ல கண்ணுக்கே எல்லாக் கலரும் ஒரே அழுக்கு மஞ்சளாகத் தெரியும்.

சரி, எந்தக் கலர் எதுக்கு?

இந்தியாவில் இதற்கான தரநிலை ஐஎஸ் 2379, இப்போது பயன்பாட்டில் இருக்கும் பதிப்பு 1990இல் வந்தது. அதன்படி தண்ணீருக்குக் கடல் பச்சை, நீராவிக்கு வெள்ளிச் சாம்பல், எண்ணெய்களுக்கும் எரியக்கூடிய திரவங்களுக்கும் வெளிர் பழுப்பு, ஆசிட்டுக்கு அடர் ஊதா, காற்றுக்கு வான நீலம், வாயுக்களுக்குக் கனேரிப் பறவையின் மஞ்சள். இது அடிநிறம்.

அடிநிறத்தின் மேல் பட்டை வரும், அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கடல் பச்சையின் மேல் நீலப் பட்டை இருந்தால் கூலிங் வாட்டர், வெளிர் பழுப்புப் பட்டை இருந்தால் கண்டென்சேட். அந்தப் பையன் வெந்த இடத்தில் இந்த இரண்டு பட்டை மட்டும் இருந்திருந்தால் குறைந்தபட்சம் “ஏன் வேறவேற பட்டை?” என்று ஒரு கேள்வியாவது வந்திருக்கும். பெயின்ட் கான்ட்ராக்டர் அடிநிறத்தோடு பில் போட்டுவிட்டுப் போய்விடுவார், பட்டையை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஆபத்து என்று காட்டுவதற்காகக் கண்ட லைனுக்கும் சிவப்பு அடிக்காதீர்கள். நம் ஊரில் சிவப்பு பைப் என்றால் தீயணைப்புத் தண்ணீர் என்று எல்லார் மனதிலும் பதிந்திருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும்.

இது சட்டப்படி கட்டாயமா? ஃபைன் போடுவாங்களா?

ஐஎஸ் 2379 தன்னளவில் சட்டம் இல்லை, தரநிலை. ஆனால் வேலை செய்கிறவருக்கு ஆபத்தைப் பற்றித் தகவலும் பயிற்சியும் தருவது முதலாளியின் கடமை என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 7ஏ பிரிவு சொன்னது. அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2020 தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் முதலாளியின் கடமைகள் இருக்கின்றன. விபத்து நடந்த பிறகு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திலிருந்து வருகிற அதிகாரி, “இந்த லைனில் என்ன ஓடுகிறது என்று அந்த ஆளுக்கு எப்படித் தெரியப்படுத்தினீர்கள்?” என்று கேட்டால் நீங்கள் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? அந்த இடத்தில்தான் தரநிலை கைகொடுக்கும்.

அமெரிக்காவில் எல்லாம் கட்டாயம் என்று சிலர் சொல்வார்கள், அதுவும் முழுக்கச் சரியில்லை. அங்கே ரசாயன லேபிள் விதியில் “கொள்கலன்” என்ற சொல்லுக்குள் பைப் வராது. ஆனால் பெயர் எழுதாத பைப்பில் இருக்கும் பொருளின் ஆபத்தை எப்படித் தொழிலாளிக்குச் சொல்வீர்கள் என்று எழுத்தில் வைத்திருக்க வேண்டும். அங்கே பெரும்பாலோர் பின்பற்றுவது ஏஎஸ்எம்இ ஏ13.1 என்ற தரநிலை, 1956இல் வந்தது, பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது.

லேபிளில் என்னென்ன எழுதணும்? தமிழா, இங்கிலீஷா?

உள்ளே இருப்பதன் முழுப் பெயர், ஓடும் திசைக்கு அம்பு. இந்த இரண்டும் இல்லாவிட்டால் அது லேபிளே இல்லை. அழுத்தமோ சூடோ ஆபத்தானதாக இருந்தால் அந்த எண்ணும் வேண்டும். “நீராவி, 10 பார்” என்று எழுதியிருந்தால் வால்வைத் தொடுகிறவன் கை ஒரு நொடி நிற்கும்.

சுருக்கெழுத்து வேண்டாம். “சிடபிள்யூ” என்றால் கூலிங் வாட்டரா, சில்டு வாட்டரா, சிட்டி வாட்டரா? ஒரே ஃபேக்டரிக்குள் மூன்று பேர் மூன்று பதில் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்டோரில் “காஸ்டிக்”, டிராயிங்கில் “சோடியம் ஹைட்ராக்சைடு”, ஷாப்பில் “லை” என்று ஒரே திரவம் மூன்று பெயரில் உலவினால் புதியவர் மூன்று திரவம் என்றுதான் நினைப்பார். ஒரு பெயரை முடிவுசெய்து எல்லா இடத்திலும் அதையே போடுங்கள்.

மொழி, அங்கே வேலை செய்கிறவர் படிக்கும் மொழி. ஸ்ரீபெரும்புதூரிலும் திருப்பூரிலும் இன்றைக்கு ஷிஃப்ட்டில் நிறையப் பேர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் போடுங்கள். இடம் போதாது என்றால் பைப்பில் பெயரும் ஆபத்துப் படமும் பெரிதாக இருக்கட்டும், மூன்று மொழி விளக்கத்தை அந்தப் பகுதி வாசலில் ஒரு பலகையாக மாட்டுங்கள். சிவப்பு ஓரம் போட்ட சாய்சதுரத்துக்குள் இருக்கும் ஆபத்துக் குறிப் படங்களை (தீச்சுவாலை, மண்டையோடு, கையை அரிக்கும் திரவம்) ஐஎஸ்ஓ 20560 என்ற 2020ஆம் வருடத் தரநிலை பைப்புக்கும் கொண்டுவந்திருக்கிறது. படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும்.

எங்கெங்கே ஒட்டணும்? எத்தனை மீட்டருக்கு ஒண்ணு?

முதலில் மீட்டரை மறந்துவிட்டு, கை எங்கே போகும் என்று பாருங்கள். ஒவ்வொரு வால்வு பக்கத்திலும், பிரிக்கக்கூடிய ஃபிளாஞ்ச் பக்கத்திலும், பம்ப்பின் இரண்டு பக்கமும். அப்புறம் பைப் திரும்பும் இடம், கிளை பிரியும் இடம். சுவருக்குள்ளோ தளத்துக்குள்ளோ நுழைந்தால் நுழையும் பக்கமும் வெளியே வரும் பக்கமும். இந்தக் கடைசியைத்தான் அதிகம் மறக்கிறார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற ஆளுக்குத் தெரியும், அந்தப் பக்கம் எட்டு பைப் வரிசையாக வெளியே வரும், எது எது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

நேராகப் போகும் நீள லைனில் ஐஎஸ் 2379 பட்டைக்கு 50 மீட்டர் இடைவெளி சொல்கிறது. அது பெரிய ரிஃபைனரிக்குச் சரி. கட்டடத்துக்குள் 8 முதல் 15 மீட்டருக்கு ஒன்று என்று வைப்பதுதான் என் பழக்கம், நின்ற இடத்திலிருந்து கண்ணுக்கு ஒரு லேபிளாவது தெரிய வேண்டும். தலைக்கு மேலே போகும் பைப் என்றால் லேபிள் பைப்பின் கீழ்ப்பாதியில் வர வேண்டும். உச்சியில் ஒட்டிய லேபிளைத் தூசியும் புறாவும்தான் பார்க்கும்.

எழுத்து எவ்வளவு பெருசா இருக்கணும்?

ஏ13.1 அட்டவணைதான் இதில் தெளிவாக இருக்கிறது, நானும் அதையே எடுத்துக்கொள்கிறேன். பைப்பின் வெளி விட்டம், இன்சுலேஷன் இருந்தால் அதையும் சேர்த்து, 19 முதல் 32 மில்லிமீட்டர் என்றால் எழுத்து 13 மில்லிமீட்டர் உயரம். 50 வரை 19. 64 முதல் 150 வரை 32. 200 முதல் 250 வரை 64. அதற்கும் மேலே போனால் 89. 19 மில்லிமீட்டருக்கும் சின்ன பைப் என்றால் சுற்றி ஒட்டினால் படிக்க முடியாது, உலோக வில்லையில் பொறித்துக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள்.

பெயின்ட்டில் எழுதறது நல்லதா, ஸ்டிக்கரா?

இரண்டும் நிற்கும், இரண்டும் கெட்டுப்போகும். ஸ்டென்சில் வைத்து அடித்த பெயின்ட் மலிவு, ஆனால் அடிப்பவர் எழுத்துப்பிழை விட்டால் அது பத்து வருடம் அப்படியே இருக்கும். வினைல் ஸ்டிக்கர் சுத்தமாக இருக்கும், ஆனால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் ஒட்டினால் ஒரு மாதத்தில் தொங்கும். எண்ணூர், தூத்துக்குடி மாதிரி கடற்கரை இடங்களில் வெயிலும் உப்புக்காற்றும் சேர்ந்து சாதாரண அச்சைச் சீக்கிரம் வெளுக்க வைத்துவிடும், மேலே வெயில் தாங்கும் படலம் ஒட்டியதாகக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்டீம் லைனில் ஒட்டினா சுருண்டு விழுந்துடுதே?

விழத்தான் செய்யும், பசை அந்தச் சூட்டுக்கு ஆனது இல்லை. இன்சுலேஷன் போட்டு அலுமினியத் தகடு சுற்றியிருந்தால் தகட்டின் மேல் ஒட்டலாம், அங்கே சூடு குறைவு. இன்சுலேஷன் இல்லாத சூட்டு லைனுக்கு, பைப்பைத் தொடாமல் தள்ளி நிற்கும் தகட்டுப் பலகையைப் பட்டியில் கட்டி மாட்டுவதுதான் வழி.

தகடு சுற்றிய லைன் முழுக்கப் பெயின்ட் அடிக்க வேண்டியதில்லை. பட்டை வரும் இடங்களில் மட்டும் குறைந்தது 2 மீட்டர் நீளத்துக்கு அடிநிறம் அடித்து, அதன் மேல் பட்டை போட்டால் போதும் என்று ஐஎஸ் 2379 சொல்கிறது. துருப்பிடிக்காத எஃகுக்கும் பிளாஸ்டிக் பைப்புக்கும் இதுவே. பெயின்ட் செலவைச் சொல்லி மேனேஜ்மென்ட் தள்ளிப்போட்டால் இந்த வரியைக் காட்டுங்கள்.

எஸ்எஸ் பைப்பில் எந்த ஸ்டிக்கர் வேணாலும் ஒட்டலாமா?

ஒட்டக்கூடாது, குறிப்பாகச் சூடான லைனில். பிவிசி ஸ்டிக்கரிலும் சில பசைகளிலும் குளோரின் இருக்கிறது. 304, 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு (எஸ்எஸ்) 60 டிகிரிக்கு மேல் சூடாக இருந்து, ஈரமும் குளோரைடும் சேர்ந்தால் முடி அளவு விரிசல் விழும், வெளியே பளபளவென்றுதான் இருக்கும். துத்தநாகம் கலந்த பெயின்ட்டும் வேண்டாம், தீ விபத்தில் அது உருகி எஃகுக்குள் இறங்கிப் பிளக்க வைக்கும். குளோரைடு குறைவு என்று சான்று தரும் லேபிள் தனியாகக் கிடைக்கிறது, இல்லாவிட்டால் பைப்பைத் தொடாத தொங்கு வில்லை போதும்.

நைட்ரஜன் விஷமில்லையே, அதுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி பண்றீங்க?

எனக்கு இந்த லிஸ்ட்டிலேயே அதிகம் பயம் தருவது நைட்ரஜன் லைன்தான். மணம் இல்லை, நிறம் இல்லை, மூச்சு முட்டுகிற உணர்வுகூட வராது. ஆக்சிஜன் குறைந்த காற்றை இரண்டு மூன்று முறை இழுத்தால் ஆள் அப்படியே விழுந்துவிடுவார். அமெரிக்காவின் ரசாயன விபத்து விசாரணை அமைப்பு கணக்கெடுத்தபோது, 1992 முதல் 2002 வரை அந்த நாட்டில் மட்டும் நைட்ரஜனால் மூச்சடைத்து 80 பேர் இறந்திருந்தார்கள். அதில் சிலர், காற்று என்று நினைத்து முகமூடிக் குழாயை நைட்ரஜன் லைனில் மாட்டியவர்கள்.

ஆகவே ஹோஸ் மாட்டும் ஒவ்வொரு முனையிலும் பெயர் வேண்டும், லைன் நடுவில் இருந்தால் போதாது. “நைட்ரஜன், மூச்சுக்கு ஆகாது” என்று முழுதாக எழுதுங்கள். அதோடு காற்றுக்கும் நைட்ரஜனுக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தாத கப்ளிங் (ஹோஸ் இணைப்பு) போடுங்கள். இருட்டில் லேபிள் படிக்கப்படாமல் போகலாம், பொருந்தாத கப்ளிங் எந்த இருட்டிலும் மாட்டாது.

எங்க தாய்க் கம்பெனி ஜெர்மனி, அவங்க கலர் வேற மாதிரி இருக்கே. எதைப் பின்பற்றறது?

இது உண்மையிலேயே சிக்கலானது. ஜெர்மனியின் டிஐஎன் 2403 தரநிலையில் ஊதா என்றால் காரம். மேலே சொன்னபடி நம்முடையதில் அடர் ஊதா ஆசிட். அவர்களுக்கு நீலம் ஆக்சிஜன், நமக்கு வான நீலம் காற்று. அவர்களுக்குச் சிவப்பு நீராவி, நமக்குச் சிவப்பு தீயணைப்பு. அமெரிக்க முறையில் மஞ்சள் என்றால் தீப்பிடிக்கக்கூடியது, நமக்கு மஞ்சள் வாயு, நைட்ரஜனும் அதில் அடக்கம். பச்சை இந்த மூன்று முறையிலும் தண்ணீர்தான்.

ஒரு வளாகத்துக்குள் ஒரே முறை இருக்க வேண்டும் என்பதுதான் என் முடிவு. இங்கே வேலை செய்கிறவரும், இங்கே வரும் தீயணைப்பு வண்டியும் நம் ஊர், ஆகவே நம் தரநிலை. இறக்குமதியான மெஷின் தன் சொந்தக் கலரோடு வந்தால், நம் லைன் அதில் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் பெயர் எழுதிவிடுங்கள். பாதிப் பிளான்ட் ஒரு முறை, பாதி இன்னொரு முறை என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

டேங்கர் லாரி இறக்கும் இடத்தில் ஆள் கூடவே நிக்கிறாரே, அங்கேயும் லேபிள் வேணுமா?

அங்கேதான் முதலில் வேண்டும். 2016 அக்டோபர் 21, அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் ஆட்சிசன் என்ற ஊர். சல்ஃப்யூரிக் ஆசிட் கொண்டுவந்த டேங்கர் ஹோஸை, சோடியம் ஹைப்போகுளோரைட் (பிளீச்சிங் திரவம்) தொட்டிக்குப் போகும் பைப்பில் மாட்டிவிட்டார்கள். இரண்டும் கலந்து குளோரின் மேகம் கிளம்பியது, 140 பேருக்கு மேல் மருத்துவ உதவி தேடிப் போனார்கள். இரண்டு முனைக்கும் இடையில் 18 அங்குலம்தான், பார்க்க ஒரே மாதிரி, தெளிவான அடையாளம் இல்லை, பூட்டியிருக்க வேண்டிய முனை திறந்திருந்தது. ஆள் அங்கேயும் கூட வந்துதான் இடத்தைக் காட்டினார்.

ஒவ்வொரு இறக்கும் முனையிலும் கண் மட்டத்தில் பெயர்ப் பலகை, தனித்தனிப் பூட்டு, நைட்ரஜனுக்குச் சொன்ன அதே பொருந்தாத கப்ளிங். டிரைவர் கையில் இருக்கும் பில்லில் உள்ள பெயரும் பலகையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

உபயோகத்தில் இல்லாத லைன்ல லேபிளைக் கிழிச்சுடலாமா?

கிழிக்காதீர்கள். பத்து வருடம் முன்னால் நிறுத்திய ஆசிட் லைனின் பள்ளமான வளைவில் இன்னும் அரை லிட்டர் நிற்கலாம், அறுக்கிறவன் முகத்தில்தான் அது வரும். பழைய பெயர் அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் “பயன்பாட்டில் இல்லை” என்றும், எந்தத் தேதியில் நிறுத்தியது, கழுவினார்களா இல்லையா, எங்கே அடைத்திருக்கிறது என்றும் எழுதுங்கள்.

ஒரே லைனில் ஒரு நாள் ஒரு சரக்கு, மறுநாள் வேற சரக்கு போகுது. என்னன்னு எழுத?

நிரந்தர லேபிளில் “பொது லைன், பலகையைப் பார்க்கவும்” என்று போட்டு, இரண்டு முனையிலும் மாற்றிச் செருகும் தகடு வையுங்கள். சரக்கை மாற்றுகிறவரே தகட்டையும் மாற்ற வேண்டும், அவர் கையெழுத்து லாக் புத்தகத்தில் இருக்க வேண்டும். இரண்டு திசையிலும் ஓடும் லைனுக்கு இரட்டை அம்பு.

லேபிள் சரியா இருந்தா நேரா பிரிச்சிடலாம்ல?

கூடாது. லேபிள் சொல்வது என்ன ஓட வேண்டும் என்பதை, இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்பதை இல்லை. 1973இல் கனடாவின் சட்பரி நகர ஆஸ்பத்திரி ஒன்றில், புதிய கட்டடம் கட்டும்போது ஆக்சிஜன் பைப்பும் மயக்க மருந்தான நைட்ரஸ் ஆக்சைடு பைப்பும் மாறிப்போயின. முனையில் ஆக்சிஜன் என்றுதான் இருந்தது. கண்டுபிடிப்பதற்குள் மாதங்கள் போயின, 20க்கும் மேற்பட்ட மரணங்கள் அதோடு சம்பந்தப்பட்டவை. முனையில் வருவது என்ன வாயு என்று திறக்கும் முன் ஒரு முறை சோதித்திருந்தால் நடந்திருக்காது.

ஆகவே பர்மிட் (வேலை அனுமதிச் சீட்டு), வால்வுக்குப் பூட்டு, அழுத்தம் பூஜ்யம் என்று கேஜில் பார்ப்பது, வடித்துவிடுவது எல்லாம் லேபிள் இருந்தாலும் செய்ய வேண்டியவை. லேபிள் தப்பாக இருப்பதைக் கண்டால் அன்றைக்கே மாற்றுங்கள், மாற்றும் வரை அதை மூடி ஒட்டுங்கள். தப்பான பெயருக்கு ஒன்றும் எழுதாத பைப்பே மேல், எழுதாத பைப்பைப் பார்த்தால் யாராவது ஒருவரிடம் கேட்கவாவது செய்வார்கள்.

நாற்பது வருஷப் பிளான்ட், டிராயிங்கே கிடையாது. எங்கிருந்து ஆரம்பிக்க?

டிராயிங் இருந்தாலும் அதை நம்பி ஒட்டாதீர்கள், நடுவில் எத்தனை கிளை போட்டார்கள் என்று அதில் வராது. அந்தப் பகுதி ஆபரேட்டர் ஒருவர், ஃபிட்டர் ஒருவர், இரண்டு பேரும் தொட்டியிலிருந்து கடைசி முனை வரை லைனைப் பிடித்து நடக்க வேண்டும். முதலில் சாக்பீஸால் பெயரும் அம்பும் எழுதட்டும். அடுத்த ஷிஃப்ட்டில் வேறு இரண்டு பேர் எதிர் முனையிலிருந்து நடந்து வரட்டும். இரண்டு தடவையும் ஒன்றாக வந்தால்தான் ஸ்டிக்கர். ஒத்துவராத இடம் கட்டாயம் வரும், அதைப் பிரித்துப் பார்க்கும் வரை “தெரியவில்லை, தொடாதே” என்று எழுதுங்கள்.

வரிசை என்று கேட்டால் டேங்கர் இறக்கும் முனை, ஆசிட், காஸ்டிக், நைட்ரஜன், நீராவி, கண்டென்சேட், அப்புறம் தீப்பிடிக்கும் எல்லாம். தண்ணீர் கடைசியில் வரட்டும். ஒரு பகுதியை ஆரம்பித்தால் முழுதாக முடித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள். நடக்கும்போது அந்தப் பழைய ஆபரேட்டரைப் பேசவிட்டுக் கேளுங்கள், இருபது வருட மனப்பாடம் இருக்கிறது என்று முதல் கேள்வியில் சொன்னார்களே, அதை எழுதி வாங்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.